பம்பரமும் வாடிக்கையும்

நுழையும்முன்

கடையில் ஒரு பொருளை எடுத்துப் பார்க்கும்போது அதன் தரத்தை நாம் உண்மையிலேயே பார்க்கிறோமா? ஒருமுறை வாங்கிய கடைக்கே மறுமுறையும் நம் கால்கள் செல்வது ஏன்? பெரிய சந்தைகளை முன்வைத்துப் பொருளியல் பேசும் இக்கேள்விகளை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பம்பரத்தைக் கொண்டு ஆராய்கிறது இப்பாடம்.

வட்டத்துக்குள் ஒரு தேர்வு

பள்ளி விட்டதும் தெருவின் மண்ணில் ஒரு வட்டம் விழும். அனைவரும் ஒரே நேரத்தில் சாட்டையைச் சுற்றிப் பம்பரத்தை விடுவர். சுழலும் பம்பரத்தைச் சாட்டையாலேயே தூக்கிக் கையில் பிடித்துவிட வேண்டும். அதில் பிந்தியவரின் பம்பரம் வட்டத்துக்குள் வைக்கப்படும். மற்றவர்கள் தத்தம் பம்பரத்தின் ஆணியால் அதைக் குறிபார்த்துக் குத்துவர். குத்துப்பட்ட தழும்புக்கு 'ஆக்கர்' என்று பெயர். ஆட்டம் முடிந்தபின் யார் பம்பரத்தில் எத்தனை ஆக்கர் என்று எண்ணிப் பார்ப்பது, தேர்வு விடைத்தாளில் மதிப்பெண் எண்ணுவதற்கு ஒப்பானது. தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் தம் நூலில் இவ்வாட்டத்தையும் பதிவுசெய்துள்ளார்.

இவ்விளையாட்டின் உள்ளே ஒரு கடுமையான தரச்சோதனை ஒளிந்திருக்கிறது. வெளுத்துப்போகும் சட்டையைக் குறித்து ஆறு மாதம் கழித்தே நமக்குத் தெரியவரும். பம்பரமோ விட்ட சில நொடிகளிலேயே தன் தரத்தைச் சொல்லிவிடும். தலையாட்டிக்கொண்டு விழுந்தால் அதை மறைக்க வழியில்லை. சுற்றிலும் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருப்பர். வட்டத்துக்குள் வைத்த பம்பரம் முதற்குத்திலேயே இரண்டாகப் பிளந்தால், அதைச் செய்தவர் யார் என்ற கேள்வி அங்கேயே எழும். சிறுவர்களை ஏமாற்றுவது எளிது என்று வணிகர் சிலர் நினைப்பதுண்டு. பம்பரத்தைப் பொறுத்தவரை, அவர்களைப் போன்ற கறாரான வாடிக்கையாளர் வேறெவரும் இல்லை.

மரமும் ஆணியும்

நான் பயின்ற காலத்தில், அதாவது 1970களின் பிற்பகுதியில், திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் கடைசல் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருந்தார். கட்டில் கால், தொட்டில் கம்பு, பூரிக்கட்டை ஆகியவையே அவருக்குப் பிழைப்பு. மிச்சத் துண்டுகளில் பம்பரம் கடைவார். நாங்கள் அவரைத் 'தாத்தா' என்போம். பட்டறையில் நின்று வேடிக்கை பார்த்தே பம்பரத்தின் இலக்கணம் எனக்குத் தெரியவந்தது.

முதலாவது மரம். வெட்டிய ஈரம் காயாத மரத்தில் கடைந்தால் அன்றைக்குப் பம்பரம் அழகாகவே இருக்கும். மரம் உலரும்போதோ எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது; வளையங்களின் போக்கில் ஏறத்தாழ இருமடங்கு சுருங்கும். விளைவாக, வட்டமாக இருந்த பம்பரம் சில வாரங்களில் கண்ணுக்குப் புலப்படாத அளவில் முட்டை வடிவமாகிவிடும். பல வேளைகளில் வெடிப்பும் காணும். ஆகவே, வைரம் பாய்ந்த கட்டையை நிழலில் நெடுநாள் உலரவிட்ட பின்னரே தாத்தா உளியைத் தொடுவார். கேட்டால், "கட்டை அழுது முடியட்டும்" என்பார்.

இரண்டாவது வடிவம். ஒரு பொருளின் எடை, சுழலும் அச்சிலிருந்து விலகி அமையுமளவுக்கு அதன் சுழற்சியை நிறுத்துவது கடினம். இயற்பியலில் இதனை நிலைமத் திருப்புத்திறன் எனப் படிக்கிறீர்கள். நல்ல பம்பரத்தின் தோள் அகன்றும் அடிப்பகுதி குவிந்தும் இருப்பதன் காரணம் இதுவே. சுற்றிய சாட்டை வழுக்காமல் பற்றிக்கொள்ளவும், இழுக்கும்போது தடையின்றி அவிழவும் அந்தச் சரிவு சரியாக அமைய வேண்டும்.

மூன்றாவதும் முதன்மையானதும் ஆணி. பம்பரத்தின் நடு அச்சிலேயே ஆணி இறங்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் எடைமையமும் சுழலச்சும் பிரிந்துவிடும். பம்பரம் ஒரே இடத்தில் நிற்காமல் தள்ளாடும். மரத்தின் இழைவாக்கில் ஆணியை அப்படியே அறைந்தால் கட்டை பிளக்கும் என்பதால், ஆணியைவிடச் சற்றுச் சிறிய துளை இட்ட பிறகே தாத்தா அதை இறக்குவார். தலையை வெட்டி, அரத்தால் தேய்த்து, முனையைச் சரிசெய்வார். பின்னர்ப் பம்பரத்தை விட்டுத் தம் உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார். அசைவே இல்லாததுபோல் ஒரே இடத்தில் நின்று சுழல்வதை நாங்கள் 'தூங்குகிறது' என்போம். தூங்காத பம்பரத்தை அவர் விற்றதில்லை, அடுப்புக்குப் போகும்.

இம்மூன்றில் வாங்குபவரின் கண்ணுக்குத் தெரிவது வடிவம் மட்டுமே. மரம் உலர்ந்ததா என்பதும், ஆணி எவ்வாறு இறங்கியது என்பதும் செய்தவருக்கே தெரிந்தவை.

திருவிழாப் பம்பரம்

ஓர் ஆண்டு, கோட்டை மாரியம்மன் கோவில் மாசித் திருவிழாவில் ஒரு தற்காலிகக் கடையில் பம்பரங்கள் குவிந்து கிடந்தன. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வண்ணப்பட்டைகள், கண்ணைப் பறிக்கும் மினுக்கம். தாத்தாவின் பம்பரத்துக்கு அவ்வளவு அழகு கிடையாது, விலையும் கூடுதல். சேர்த்து வைத்திருந்த காசைக் கொடுத்துத் திருவிழாப் பம்பரம் ஒன்றை வாங்கினேன். மறுநாள் அது தள்ளாடியது. பத்து நாளில் தோளில் வெடிப்பு விட்டது. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் கடை இருந்த இடத்தில் கம்பு நட்ட குழிகள்தாம் இருந்தன.

வெட்கத்தை விட்டு அதைத் தாத்தாவிடமே எடுத்துச் சென்றேன். "இது எங்கடா வாங்குன?" என்று கேட்டார். சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஆணியைப் பிடுங்கிக் கட்டையை முகர்ந்து பார்த்தவர், "பச்சைக் கட்டை. இதுல ஆணி நிக்காது" என்று சொல்லிவிட்டு, வேறொரு பம்பரத்தை நீட்டினார். காசு அடுத்த வாரம் கொடுத்தால் போதும் என்றார். அதன்பின் எங்கள் தெருவில் எவரும் திருவிழாவில் பம்பரம் வாங்கியதில்லை. நான் போய் எல்லாரிடமும் சொன்னதே காரணம்.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் நடந்ததை விளக்கும் கட்டுரை ஒன்றை 1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் வெளியிட்டார். (அவர் பெயரில் 'அக்கர்' இருப்பது தற்செயலே!) அவர் எடுத்துக்கொண்ட பொருள் பழைய மகிழுந்துகளின் சந்தை. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்லது எனத் தெரியாத நிலையில், வாங்குபவர் எல்லா வண்டிக்கும் ஒரு நடுத்தர விலையையே தர முன்வருவார். அந்த விலை நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். எஞ்சுபவை மட்டமானவை. இது தெரிந்ததும் விலை மேலும் இறங்கும். யாரும் தீய எண்ணம் கொள்ளாமலேயே நல்ல சரக்கு சந்தையிலிருந்து விரட்டப்பட்டுவிடும். இவ்வாய்வுக்காகவும் இதன் தொடர்பான பணிக்காகவும் 2001இல் வேறு இருவருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வண்ணம் பூசிய பச்சைக் கட்டையையும் உலர்ந்த வைரக் கட்டையையும் அருகருகே வைத்தால், கடைக்காரர் சொல்லாதவரை வாங்குபவருக்கு வேறுபாடு தெரியாது. தெரியாதபோது, விலை குறைந்தது வெல்லும். இந்த இருட்டில் விளக்காக அமைவதுதான் வாடிக்கை.

'வாடிக்கை' என்னும் சொல்லைச் சற்று நோக்குங்கள். அதன் பொருள் வழக்கம் என்பது. ஒரே இடத்துக்கு வழக்கமாகச் செல்பவர் வாடிக்கையாளர். ஒருமுறை வாங்கிச் செல்பவர் வெறும் வாங்குநர்தாம். திரும்பி வரும்போதே அவர் வாடிக்கையாளர் ஆகிறார். திருவிழாக் கடைக்கு வாங்குநர் உண்டு, வாடிக்கையாளர் இல்லை. நாளை தன்னை யாரும் தேடிவரப் போவதில்லை என அறிந்த விற்பனையாளருக்குக் கட்டையை உலரவைக்கும் காத்திருப்பு வீண்செலவு. நாளையும் அதே சிறுவர்களின் முகத்தில் விழிக்க வேண்டியவருக்கோ அக்காத்திருப்பே முதலீடு.

முத்திரை சொல்வதும் சொல்லாததும்

இன்றைய பொம்மைச் சந்தையில் வாங்குபவருக்கும் செய்பவருக்கும் இடையே கடல்கள் உள்ளன. இந்தியக் கடைகளை இறக்குமதி செய்யப்பட்ட நெகிழிப் பொம்மைகள் நிறைத்திருந்த காலத்தில், 2019இல் இந்தியத் தர மன்றம் அவற்றின் மாதிரிகளைச் சோதித்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. 2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2023இல் 70 விழுக்காடானது. பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை இந்தியாவில் செய்யவும் விற்கவும் இயலாது. 2018-19இல் 37.1 கோடி அமெரிக்க டாலராக இருந்த பொம்மை இறக்குமதி 2021-22இல் 11 கோடி டாலராகக் குறைந்தது. அதே காலத்தில் ஏற்றுமதி 20.2 கோடியிலிருந்து 32.6 கோடி டாலராக உயர்ந்தது.

எண்கள் மகிழ்ச்சி தருபவை. எனினும் அம்முத்திரை எதற்குச் சான்று என்பதை அறிந்துகொள்வது நல்லது. கூரிய விளிம்பு உண்டா, சிறு பகுதி கழன்று குழந்தையின் தொண்டையில் சிக்குமா, எளிதில் தீப்பற்றுமா, வண்ணத்தில் ஈயம் முதலிய நச்சு உலோகங்கள் உண்டா என்பவற்றையே அது சோதிக்கிறது. பொம்மை தீங்கு செய்யாது என்பதற்கு அது உறுதி. பம்பரம் தூங்குமா என்பதற்கு எந்த ஆய்வகமும் முத்திரை தருவதில்லை. தரத்தின் தரைத்தளத்தை அரசு அமைக்கலாம். மாடியைச் செய்பவரே கட்ட வேண்டும்.

வேறொரு சிக்கலும் எழுந்தது. மிச்சக் கட்டையில் பம்பரம் கடைபவரால் ஆய்வகக் கட்டணம் செலுத்த இயலுமா? இதனை உணர்ந்து, கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவுசெய்த கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களின் பதிவு பெற்ற உற்பத்தியாளர்களுக்கும் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது.

கருநாடகத்தின் சென்னபட்டணமும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவும் அத்தகைய குறியீடு பெற்ற ஊர்கள். முன்னது 2005-06ஆம் ஆண்டிலும், பின்னது 2017இலும் பெற்றன. இரண்டு ஊர்களிலும் பம்பரங்களும் கடையப்படுகின்றன. வெட்பாலை மரத்தை உலர்த்திக் கடைந்து, சுழலும் கட்டையின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வு வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படியும். சென்னபட்டணத்தில் அதன்மேல் தாழை மடலை வைத்துத் தேய்த்து மெருகேற்றுவர். கண்ணைப் பறிக்கும் வண்ணம் இங்கும் உண்டு. திருவிழாப் பம்பரத்தில் வண்ணம் குறையை மறைத்தது. இங்கே மரத்தோடு ஒன்றி அதைக் காக்கிறது. நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் அரக்கு மெருகேறிய இதே மரபைச் சேர்ந்தவை.

தெரிந்து தெளிவோம்

மலேசியாவின் கிளந்தான் பகுதியில் 'காசிங்' எனப்படும் பெரும்பம்பரங்கள் புகழ்பெற்றவை. சுழலவிட்ட பம்பரத்தை மெல்லிய பலகையால் ஏந்தி, சிறு கம்பத்தின் உச்சியில் நிறுத்திவிடுவர். தேர்ந்தவர் விட்ட பம்பரம் இரண்டு மணிநேரம் வரையிலும் சுழலும்.

கழற்றி மாட்டும் பம்பரம்

1999இல் சப்பானின் தக்காரா நிறுவனம் 'பேபிளேடு' என்னும் பம்பரத்தை வெளியிட்டது. உங்களுள் பலர் அதை வைத்து விளையாடியிருப்பீர்கள். 'பெய்கோமா' என்னும் பழைய சப்பானியப் பம்பர ஆட்டமே அதற்கு மூலம். அடிமுனை, எடை வளையம், மேற்பகுதி ஆகியவற்றைத் தனித்தனியே கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் புதுமை. எந்த முனை நெடுநேரம் சுழலும், எந்த வளையம் எதிரியைத் தள்ளும் என்பதைச் சிறுவர் தாமே ஆய்ந்தறிவர். தாத்தா கட்டையிலும் ஆணியிலும் மறைத்து வைத்திருந்த அறிவை இந்நிறுவனம் உதிரிப் பாகங்களாகப் பிரித்துச் சிறுவர் கையில் கொடுத்துவிட்டது. அதனோடு படக்கதை, இயங்குபடத் தொடர், போட்டிகள் என ஓர் உலகையே அமைத்தது. அப்பற்று கால் நூற்றாண்டாக நீடிக்கிறது. 2015இலும் 2023இலும் புதிய தலைமுறைப் பம்பரங்கள் வந்தன.

இதிலும் ஒரு பச்சைக் கட்டை உண்டு. அதே தோற்றத்தில், குறைந்த விலையில், போலிகள் கடைகளில் தொங்குகின்றன. எடை வளையம் உலோகம்போல் மின்னும். கையில் எடுத்தால் கனமிராது. படத்தைப் பார்த்து வாங்கும் பெற்றோருக்கு வேறுபாடு தெரிவதில்லை. அதைக் கையால் நிறுத்துப் பார்த்த மகனுக்குத் தெரிந்துவிடுகிறது. கதையின்மீது கொண்ட பற்று பொருளைக் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம். அதற்குமேல் பொருள்தான் பேச வேண்டும் என்பது என் கருத்து.

பூட்டுக்கும் அதுவே

நாகல் நகரிலும் திண்டுக்கல்லைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பம்பரத்தைவிடப் புகழ்பெற்ற பொருள் பூட்டு. வேளாண்மைக்குப் போதிய நீரில்லாத நிலம் இங்குப் பலரைக் கைத்தொழிலின்பால் திருப்பியது. பூட்டும் பம்பரத்தைப் போன்றே உள்ளே இருப்பதைக் காட்டாத பொருள். மாங்காய்ப் பூட்டோ கதவுப் பூட்டோ, வெளியே தெரிவது உறை மட்டுமே; உள்ளே 'லீவர்' எனப்படும் தகடுகளை அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்திய உழைப்பு தெரியாது. கள்ளச்சாவி நுழையும் நாளில்தான் அதற்குத் தேர்வு. அத்தேர்வு பலருக்கு வராமலே போகலாம் என்பதால், மட்டமான பூட்டு நெடுநாள் நல்ல பூட்டாக நடிக்க முடியும்.

உத்தரப்பிரதேசத்தின் அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த பூட்டுகள் குறைந்த விலையில் வந்தபோது, கையால் செய்யும் பட்டறைகள் பல மூடப்பட்டன. பிள்ளைகள் அத்தொழிலுக்கு வரவில்லை. அலிகார்ப் பூட்டெல்லாம் மட்டமென்று சொல்வது நேர்மையாகாது. நாள் முழுதும் ஒருவர் கையால் தேய்த்துச் செய்யும் பொருளுக்கு இயந்திரத்தின் விலை கட்டுப்படியாகாது என்பதே உண்மை. அக்கர்லாஃப் கூறியது இங்கும் நிகழ்ந்தது. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் அது காக்கும். திறமையான கைகளை அது உருவாக்காது.

அக்கர்லாஃபின் கட்டுரை வெளிவந்த அதே 1970இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்பவர் எழுதிய நூலொன்றும் இங்கு நினைக்கத்தக்கது. ஒரு பொருளின் தரம் குறையும்போது வாடிக்கையாளர் முன் இரு வழிகள் உண்டு. சொல்லாமல் விலகிச் செல்லலாம், அல்லது குறையை எடுத்துச் சொல்லலாம். பற்றுடையவர் உடனே விலகமாட்டார். முதலில் குரல் கொடுப்பார். அக்குரலே செய்பவருக்குத் திருந்த வாய்ப்புத் தருகிறது. பற்று என்பது குறையைப் பொறுத்துக்கொள்வதன்று என்பதை ஹிர்ஷ்மனிடம் கற்கலாம். தாத்தாவின் பட்டறையில் இதை நான் கண்டேன். ஒருமுறை அவர் கடைந்த பம்பரம் ஒன்றே வட்டத்துக்குள் பிளந்தது. அதன் சொந்தக்காரன் இரு துண்டுகளையும் கொண்டுபோய் அவர் முன் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றான். தாத்தா துண்டுகளை ஒட்டவைத்து நெடுநேரம் பார்த்தார். முடிச்சு இருந்த கட்டையைத் தாம் கவனிக்கவில்லை என்று சொல்லி, காசு வாங்காமல் வேறொன்று கொடுத்தார். அவன் வேறு கடைக்குப் போயிருந்தால் அம்முடிச்சு அவருக்குத் தெரிந்தே இராது.

வாங்குவதில் மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதில் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலையில் படித்திருப்பீர்கள். அவர்களிடம் பொருள் வாங்கியோர் எவ்வாறு சோதித்து வாங்கினர் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

தாத்தாவின் பட்டறை இன்று இல்லை. நாகல் நகரில் அண்மையில் ஒரு பல்பொருள் கடைக்குச் சென்றிருந்தேன். மரப் பம்பரங்கள் நெகிழிப் பையில் அடைத்துத் தொங்கவிடப்பட்டிருந்தன. ஏழாம் வகுப்புப் படிக்கும் வயதுடைய சிறுவன் ஒருவன் பையைப் பிரிக்க வேண்டுமென்று கேட்டான். கடைக்காரர் முதலில் மறுத்தார். பிறகு பிரித்துக் கொடுத்தார். தரையில் விட்டான்; தள்ளாடியது. இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறே. நான்காவதைச் சாட்டையால் தூக்கி உள்ளங்கையில் விட்டுக்கொண்டு சற்றுநேரம் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து காசை எடுத்தான்.